மடக்கு போன் வாங்கப் போகிறீர்களா? பெங்களூரில் கடைப் படி ஏறும் முன் செய்ய வேண்டியவை

பதினோராவது மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, என் மடக்கு போனின் மடிப்பு ஓரமாக ஒரு பச்சைக் கோடு விழுந்திருந்தது. கீழே போடவில்லை, தண்ணீர் படவில்லை. புதன்கிழமைக்குள் திரையின் மேல்பாதி முழுக்கக் கறுத்துப்போனது. அதைச் சரிசெய்ய எனக்கு ஐந்து வாரம் ஆனது. சர்வீஸ் சென்டருக்கு நாலு நடை, இரண்டு அரைநாள் லீவு, புனேயில் இருக்கும் மச்சானுக்கு எண்ணி முடியாத போன்கால்கள்.

அந்த ஐந்து வாரத்தில் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி போனைப் பற்றியதல்ல, காகிதத்தைப் பற்றியது. பில் யார் பெயரில், சர்வீஸ் சென்டரில் போனின் நிலையை எழுதித் தரும் ஜாப் ஷீட்டில் என்ன எழுதியிருக்கிறது, பழுதுச் செலவை ஏற்கும் பாதுகாப்புத் திட்டத்தில் எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பவைதான் கடைசியில் முக்கியமாயின. என் அலுவலகத்திலேயே இந்த வருடம் மூன்று பேர், "மடக்கு போன் வாங்கலாமா?" என்று கேட்டுவிட்டார்கள். மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். கடைகளும் இடங்களும் பெங்களூரைச் சேர்ந்தவை. மற்றதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும்.

1. ஒரு வாரம் உங்கள் பழக்கத்தைக் குறித்து வையுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்பே செய்யக்கூடியது இது, செலவும் கிடையாது. போனில் நீங்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வாரம் பாருங்கள். அமைப்புகளில் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்ற கணக்கு இருக்கும்.

புத்தகம்போல விரியும் போன் சிலருக்கு நிஜமாகவே உதவும். மராத்தஹள்ளியிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை தினமும் பஸ்ஸில் உட்கார்ந்து எக்செல் தாளையும் பிடிஎஃப்பையும் பார்க்கிறவர்கள், ஒரு பக்கம் மின்னஞ்சலும் மறுபக்கம் ஆவணமுமாக வேலை செய்கிறவர்கள், நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துப் படிக்கிறவர்கள். என் பக்கத்து மேசை அண்ணன் ஒருவர் வீடு வீடாகப் போய் வரைபடம் காட்டும் இன்டீரியர் வேலை பார்க்கிறார். அவர் டேப்லெட்டையே விட்டுவிட்டார்.

உங்கள் கணக்கில் வாட்ஸ்அப், ரீல்ஸ், போன்பேச்சு இவைதான் முக்கால்வாசி என்றால் பெரிய திரைக்கு அங்கே வேலை இல்லை. ரீல்ஸ் நெட்டுவாக்கில் எடுக்கப்படுபவை, சதுரமாக விரிந்த திரையில் இரண்டு பக்கமும் கறுப்பாகத்தான் நிற்கும். சினிமாவும் அப்படித்தான். விரித்த திரை சதுரத்துக்கு அருகில் இருப்பதால் படம் நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிதாகத் தெரியாது. கடையில் போய்ப் பார்க்கும்போது அவர்கள் ஓடவிடும் விளம்பரப் படத்தைப் பார்க்காதீர்கள், நீங்கள் வழக்கமாகப் பார்ப்பதைப் போட்டுப் பாருங்கள்.

2. ஃபிளிப்பா, ஃபோல்டா என்று முடிவு செய்யுங்கள்

இரண்டும் வேறு வேறு சாமான்கள். ஃபிளிப் என்பது சாதாரண போனைக் குறுக்கே மடித்துச் சட்டைப் பைக்குள் போடுவது. ஃபோல்டு என்பது விரித்தால் சின்ன டேப்லெட் ஆவது.

விலை எங்கே நிற்கிறது என்று ஒரு கணக்குக்கு: 2025இல் இந்தியாவில் வந்தபோது மோட்டோரோலா ரேசர் 60 49,999 ரூபாய், சாம்சங் இசட் ஃபிளிப் 7 1,09,999 ரூபாய், விவோ எக்ஸ் ஃபோல்டு 5 1,49,999 ரூபாய், கூகுள் பிக்சல் 10 ப்ரோ ஃபோல்டு 1,72,999 ரூபாய், சாம்சங் இசட் ஃபோல்டு 7 1,74,999 ரூபாய். அந்த வருடம் சாம்சங்கின் மடங்காத போன்களில் உச்சத்தில் இருந்த எஸ்25 அல்ட்ராவின் தொடக்க விலை 1,29,999 ரூபாய். அதாவது ஃபோல்டுக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் ஏறக்குறைய 45,000 ரூபாய், அதுவும் கேமராவும் பேட்டரியும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து. ஃபோல்டு 7இல் பேட்டரி 4400 எம்ஏஎச், அல்ட்ராவில் 5000.

எடைப் புகார் இப்போது பழங்கதை. ஃபோல்டு 6 239 கிராம், ஃபோல்டு 7 215 கிராம். அல்ட்ராவே 218 கிராம்தான். பழைய மாடலைக் கையில் பிடித்துப் பார்த்து வேண்டாம் என்று விட்டவர்கள் புதியதை ஒருமுறை தூக்கிப் பார்க்கலாம்.

இதைவிட முக்கியமான வித்தியாசத்தை யாரும் கடையில் சொல்வதில்லை. உள்திரை செத்துவிட்டால் ஃபோல்டுக்கு வெளியே முழு அளவுத் திரை ஒன்று இருக்கிறது. அதில் போனைத் திறந்து, படங்களையும் அரட்டைகளையும் நகல் எடுத்து, சர்வீஸுக்குக் கொடுக்கலாம். ஃபிளிப்பில் வெளித்திரை சின்னது. நீங்கள் முன்கூட்டியே அமைத்து வைத்திராத செயலிகள் அதில் சுலபத்தில் திறக்காது. என்னுடையது ஃபிளிப். உள்திரை கறுத்த அன்று என் மகளின் பள்ளி விழாப் படங்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டன.

3. போன் விலையைக் கேட்பதற்கு முன் உள்திரை விலையைக் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

மடங்கும் திரையின் கண்ணாடி தலைமுடியைவிட மெல்லியது. அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் படலம். நகம் அழுத்தினாலும், மூடும்போது ஒரு மணல் துகள் நடுவில் மாட்டினாலும் தழும்பு விழும். விழுந்த தழும்பு சில நேரம் தழும்பாகவே இருக்கும், சில நேரம் கோடாக வளரும். வளர்ந்தால் திரையை மட்டும் உரித்து மாற்றுவது பெரும்பாலும் நடக்காது. கீலும் சட்டகமும் சேர்ந்த முழுத் தொகுதியாகத்தான் மாற்றுவார்கள். விலை எகிறுவது அதனால்தான். எனக்குக் கொடுத்த எஸ்டிமேட் 27,400 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து. ஃபோல்டு வகைக்கு இதைவிட நன்றாகவே மேலே போகும்.

எப்படிக் கேட்பது? விற்பனைக் கடையில் கேட்காதீர்கள். அவர்கள் "அதெல்லாம் வாரண்டியில் வந்துவிடும் சார்" என்பார்கள். அந்தக் கம்பெனியின் அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டருக்கு நேரில் போய், மாடலின் பெயரைச் சொல்லி நான்கு கேள்விகள் கேளுங்கள்:

உள்திரைத் தொகுதி வரி, கூலி சேர்த்து எவ்வளவு? பாகம் பெங்களூரில் கையிருப்பில் இருக்குமா, வரவழைக்க வேண்டுமா? வரவழைத்தால் எத்தனை நாள்? மேல் படலம் மட்டும் மாற்ற எவ்வளவு?

சில கம்பெனிகள் உதிரிபாக விலைகளைத் தங்கள் இணையதளத்திலேயே போட்டிருக்கின்றன. மத்திய அரசின் 'ரைட் டு ரிப்பேர்' தளத்திலும் கம்பெனிவாரியாகச் சர்வீஸ் விவரங்களுக்கு இணைப்பு உண்டு. அங்கே பார்த்த விலையை நேரில் சொல்லும் விலையோடு ஒப்பிடுங்கள்.

கிடைத்த தொகையைப் போன் விலையோடு கூட்டிப் பாருங்கள். 1,09,999 ரூபாய்ப் போனும் ஒரு திரையும் சேர்த்தால் அது உங்களுக்கு 1,37,000 ரூபாய்ப் போன். அந்தத் தொகையைக் கொடுத்தாலும் இது வேண்டும் என்று தோன்றினால் நிம்மதியாக வாங்குங்கள். தொண்டையில் அடைத்தால் இந்த வருடம் விட்டுவிடுங்கள். இரண்டு லட்சம் முறை மடிக்கலாம், அதற்கு மேலும் மடிக்கலாம் என்று கம்பெனிகள் சொல்வது பொய்யல்ல. ஒரு நாளைக்கு நூறு முறை திறந்தால் இரண்டு லட்சம் என்பது ஐந்தரை வருடம். ஆனால் அது ஆய்வகத்தில் இயந்திரம் மடித்த கணக்கு. அங்கே அவுட்டர் ரிங் ரோட்டுத் தூசி கிடையாது.

4. தூசிக் குறியீட்டைப் படியுங்கள்

பெங்களூர்க்காரர்களுக்கு இது தனியாகவே வேண்டும். ஐபி என்று தொடங்கும் குறியீட்டில் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபிஎக்ஸ்8 என்றால் தண்ணீருக்கு நல்ல காப்பு, தூசிக்கு எந்த உறுதியும் தரப்படவில்லை என்று பொருள். ஐபி48இல் உள்ள 4, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் உள்ள பொருள் உள்ளே போகாது என்று மட்டும்தான் சொல்கிறது. மெட்ரோ தூண் வேலை நடக்கும் சாலையில் பறக்கும் தூசி அதைவிடப் பல மடங்கு பொடி. பிக்சல் 10 ப்ரோ ஃபோல்டு ஐபி68 என்று வந்திருக்கிறது, தூசிக்கு 6 என்பதே உச்ச எண்.

ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் மடக்கு போனை ஹேண்டில் பாரில் மாட்டி வழி பார்க்க வேண்டாம். தூசியும் அதிர்வும் நேராகக் கீலுக்குத்தான் போகும். வழிக்கு ஒரு பழைய போன் போதும். சாவியும் சில்லறையும் இருக்கும் பையில் போடாதீர்கள். இந்தப் போன்களை மூடிய நிலையில் பிடித்து வைக்க உள்ளே காந்தம் இருக்கிறது. அது பேஸ்மேக்கர் என்ற இதயத்துடிப்புக் கருவியைப் பாதிக்கலாம். வீட்டில் பேஸ்மேக்கர் வைத்த பெரியவர் இருந்தால் அவர் சட்டைப் பைக்கு இந்தப் போன் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. எப்போது வாங்குவது, பணம் எப்படிக் கட்டுவது

சாம்சங் மடக்கு போன்கள் ஒவ்வொரு வருடமும் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் புதிதாக வருகின்றன. அதையொட்டி முந்தைய வருட மாடல் விலை இறங்கும். அப்புறம் செப்டம்பர் கடைசியில் தொடங்கித் தீபாவளி வரை பண்டிகைத் தள்ளுபடி. என் கருத்தில் நடுத்தரச் சம்பளக்காரருக்குப் பொருத்தமானது, பண்டிகைத் தள்ளுபடியில் போன வருட மாடல். சாம்சங்கில் ஃபோல்டு 6, ஃபிளிப் 6 முதல் ஏழு வருட மென்பொருள் புதுப்பிப்பு உண்டு, ஒரு வருடம் குறைந்தாலும் ஆறு வருடம் மிச்சம். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை வாங்குவதைத்தான் நான் தவிர்ப்பேன். சில மாதத்தில் உங்கள் கண் முன்னாலேயே விலை இறங்கும்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்பது முழுக்க இலவசம் அல்ல. வட்டித் தொகையைக் கடை விலையில் தள்ளுபடியாகக் கழிக்கும், வங்கி அதே வட்டியைப் போடும். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில். 1,09,999 ரூபாயை 12 மாதத்துக்கு 16 சதவீத வட்டியில் போட்டால் வட்டி சுமார் 9,000 ரூபாய், அதன் ஜிஎஸ்டி சுமார் 1,600 ரூபாய். செயலாக்கக் கட்டணம் தனி. இடையில் முழுதாகக் கட்டி முடிக்க நினைத்தால் அதற்கும் பல வங்கிகள் கட்டணம் எடுக்கின்றன. கையில் பணம் இருந்தால் முழுத்தொகை கட்டும்போது வரும் வங்கித் தள்ளுபடியையும் இஎம்ஐ தள்ளுபடியையும் காகிதத்தில் எழுதி ஒப்பிடுங்கள். வாயால் சொன்ன கணக்கை நம்பாதீர்கள்.

பிரிகேட் ரோட்டில் பழைய ஒபேரா ஹவுஸ் கட்டடத்தில் சாம்சங்கின் பெரிய காட்சிக் கூடம் இருக்கிறது. விரித்து மடித்து அரைமணி நேரம் பார்க்க அது வசதி. பார்த்துவிட்டு விலையைக் குரோமா, ரிலையன்ஸ் டிஜிட்டல், சங்கீதா, பூர்விகா என்று நாலு இடத்தில் கேளுங்கள். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதானால் அதன் மதிப்பு கடைக்குக் கடை ஆயிரக்கணக்கில் மாறும்.

6. பில் உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும்

நான் செய்த பெரிய தவறு இதுதான். என்னிடம் இல்லாத ஒரு வங்கிக் கார்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் தள்ளுபடி இருந்தது. மச்சானிடம் அந்தக் கார்டு இருந்தது. அவர் கணக்கிலிருந்தே ஆர்டர் போட்டோம். பில் அவர் பெயரில், அவருடைய புனே முகவரிக்கு வந்தது. போன் என் வீட்டு முகவரிக்கு. கடைக்காரர் சொன்ன பாதுகாப்புத் திட்டத்தை என் பெயரில், என் எண்ணில் பதிவு செய்தேன்.

பதினோரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. திரை போன அன்று திட்டத்துக்காரர்களை அழைத்தபோது, பில்லில் உள்ள பெயரும் திட்டத்தில் உள்ள பெயரும் பொருந்தவில்லை என்றார்கள். மச்சானின் அடையாள அட்டை நகலும் கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதமும் கேட்டார்கள். அவர் அப்போது வெளியூரில் வேலையாக இருந்தார். கடிதம் வர ஒன்பது நாள். அதற்குள், சேதம் நடந்து 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதியைக் காட்டிக் கோரிக்கையை மூடிவிட்டார்கள். நான் முதல் நாளே அழைத்தேன். ஆனால் அந்த அழைப்புக்குப் புகார் எண் வாங்கவில்லை.

அதனால் சொல்கிறேன். அடுத்தவர் கார்டைப் பயன்படுத்தினாலும் கடையில் நேரில் வாங்கி, பில்லை உங்கள் பெயரில் போடச் சொல்லுங்கள். ஆன்லைன் என்றால் உங்கள் கணக்கில் ஆர்டர் போட்டு, பில் முகவரியில் உங்கள் பெயரைக் கொடுத்து, பணம் கட்டும் இடத்தில் மட்டும் அவர் கார்டைப் போடுங்கள். பில்லில் இந்த நான்கும் இருக்கிறதா பாருங்கள்: உங்கள் பெயர், தேதி, ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), கடையின் ஜிஎஸ்டி எண். ஐஎம்இஐ இல்லாத பில்லை ஏற்றுக்கொள்ளாதீர்கள், அதே கவுன்டரில் நின்று மாற்றி வாங்குங்கள்.

சொந்தத் தொழில் செய்கிறவர்கள் நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணில் பில் போட்டால் வரியைத் திரும்ப எடுக்க வழி உண்டு. 1,09,999 ரூபாயில் வரி மட்டும் 16,800 ரூபாய்க்குப் பக்கம். ஆனால் அப்போது பாதுகாப்புத் திட்டமும் அதே நிறுவனப் பெயரில் இருக்க வேண்டும். உங்கள் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பாதுகாப்புத் திட்டம் எடுக்கலாமா? மடங்காத போனுக்கு நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். மடக்கு போனுக்குக் கண்டிப்பாக எடுங்கள், ஆனால் போனைத் தயாரித்த கம்பெனியே விற்கும் திட்டமாகப் பார்த்து எடுங்கள். கடை ஒட்டித் தரும் மூன்றாம் ஆள் திட்டம் என்றால் பணம் கட்டும் முன் நிபந்தனைத் தாளை முழுக்கப் படியுங்கள். உள்திரை சேருமா, வருடத்துக்கு எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் நம் பங்கு எவ்வளவு, தேய்மானம் கழிப்பார்களா, எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். கம்பெனித் திட்டங்களை போன் வாங்கிய சில நாட்களுக்குள்தான் எடுக்க முடியும் என்பதால் ஒத்திப்போடாதீர்கள்.

7. பெட்டியைத் திறக்கும்போது

ஒரே வீடியோவாக, நடுவில் நிறுத்தாமல் எடுங்கள். சீல், பெட்டியின் ஐஎம்இஐ ஒட்டு, போனின் நான்கு ஓரம், கீலின் இரண்டு முனை, விரித்த திரை. அப்புறம் *#06# அழுத்தி வரும் எண்ணைப் பெட்டியோடும் பில்லோடும் ஒப்பிடுங்கள். வெள்ளைப் பின்னணியில் ஒருமுறை, கறுப்புப் பின்னணியில் ஒருமுறை திரையைப் பாருங்கள். மடிப்புக் கோடு எல்லாப் போனிலும் தெரியும், அது குறையல்ல. கோட்டில் புள்ளி, குமிழி, நிறமாற்றம் இருந்தால் அப்போதே திருப்புங்கள். கீலைப் பாதியில் நிறுத்திப் பாருங்கள், நிறுத்திய கோணத்திலேயே நிற்க வேண்டும். மூடும்போது நொறுநொறுவென்று சத்தம் வரக்கூடாது.

வாரண்டி தொடங்கிய தேதியைக் கம்பெனியின் செயலியிலோ தளத்திலோ பாருங்கள். அது பில் தேதிக்கு முன்னால் இருந்தால் அந்தப் போனை யாரோ ஏற்கெனவே இயக்கியிருக்கிறார்கள்.

அந்த வீடியோவை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் என்னைக் காப்பாற்றியது இது ஒன்றுதான்.

8. முதல் மாதத்தில்

உள்திரை மேல் ஒட்டி வரும் படலத்தை உரிக்காதீர்கள். அது பாதுகாப்பு ஸ்டிக்கர் அல்ல, திரையின் பகுதி. மேலே டெம்பர் கண்ணாடி ஒட்டவும் கூடாது. எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் "இதுக்கும் இருக்கு சார்" என்று ஒரு படலத்தை எடுத்து நீட்டுவார்கள், வேண்டாம். சில மாதம் போனதும் மடிப்பில் குமிழி எழும்பினால் சர்வீஸ் சென்டரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

முக்கியமான எண்ணைச் சிம் அட்டையிலேயே வைத்திருங்கள், இ-சிம்முக்கு மாற்ற வேண்டாம். சர்வீஸுக்குக் கொடுக்கும் அன்று சிம்மை உருவிப் பழைய போனில் போட்டுவிடலாம். திரையே தெரியாத போனிலிருந்து இ-சிம்மை மாற்றுவது பெரும்பாடு. தினசரி நகல் எடுப்பதை இயக்கி வையுங்கள். ஃபிளிப் வைத்திருப்பவர்கள் வெளித்திரையில் தேவையான செயலிகள் திறக்கும்படி இன்றைக்கே அமையுங்கள்.

9. பழையது வாங்குவதானால்

மடக்கு போன்கள் மறுவிற்பனையில் வேகமாக மதிப்பு இழக்கின்றன, அதனால் பாதி விலைக்கு நல்ல போனே கிடைக்கும். ஆனால் பில்லும் மிச்சமுள்ள வாரண்டியும் இல்லாத பழைய மடக்கு போனை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். நேஷனல் மார்க்கெட் பக்கம் வெளிநாட்டிலிருந்து வந்த மாடல்கள் மலிவாகக் கிடைக்கும். அவற்றுக்கு இந்திய வாரண்டி பொருந்தாமல் போகலாம், பாகமும் மாறலாம். வாங்கும் முன் அரசின் சஞ்சார் சாத்தி செயலியில் ஐஎம்இஐ எண்ணைப் போட்டுப் பாருங்கள். திருட்டுப் போன், முடக்கப்பட்ட போன் என்றால் அங்கே தெரிந்துவிடும்.

10. திரை போய்விட்டால்

பதற்றப்படாமல் இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில், போனை மடித்து விரிப்பதை நிறுத்துங்கள். விரித்தபடியே வைத்து, உடனே நகல் எடுங்கள். கோடு பரவ இரண்டு நாள்கூட ஆகாது.

அன்றைக்கே கம்பெனிக்கும் பாதுகாப்புத் திட்டத்துக்கும் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். போனில் பேசினால் முடித்ததும் அதையே மின்னஞ்சலாக அனுப்புங்கள்: "இன்று இத்தனை மணிக்குத் தெரிவித்தேன்" என்று இரண்டு வரி போதும்.

பழைய போனில் சிம்மைப் போட்டு யுபிஐ செயலியைத் திரும்பப் பதிவு செய்யுங்கள். புதுக் கருவியில் முதல் 24 மணி நேரம் வங்கிகள் பொதுவாகக் குறைந்த தொகைதான் அனுப்ப விடும். வாடகை கட்டும் நாளில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன் நான்கு ஓரத்தையும் கீலையும் படம் எடுங்கள். கவுன்டரில் கொடுக்கும் ஜாப் ஷீட்டை ஒவ்வொரு வரியாகப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பெங்களூரில் கவுன்டரில் கன்னடம், இந்தி, தமிழ் எதில் வேண்டுமானாலும் பேசுவார்கள், தாளில் ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். என் தாளில் 'கீல் ஓரத்தில் நசுங்கல்' என்று ஒரு வரி இருந்தது. பெயின்ட் உரசியிருந்ததே தவிர நசுங்கல் இல்லை. மதியத்துக்குள் அலுவலகம் திரும்பும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த ஒரு வரியை வைத்துத்தான் 'வெளிச்சேதம், வாரண்டி பொருந்தாது' என்று எஸ்டிமேட் வந்தது. வரி தவறாக இருந்தால் திருத்தச் சொல்லுங்கள், திருத்த மறுத்தால் 'ஒப்புக்கொள்ளவில்லை' என்று கையால் எழுதி அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள், தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாரண்டி மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கிடைத்ததும் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. பில், ஜாப் ஷீட், படங்கள், வீடியோ எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு அழையுங்கள். நான் 1915இல் பதிவு செய்த பிறகுதான் மறுபரிசோதனைக்கு ஒப்புக்கொண்டார்கள். வேறொரு கிளையில் பார்த்து, பெட்டி திறந்த வீடியோவையும் கீலையும் ஒப்பிட்டு, திரைக்குப் பாதித் தொகை வாங்கிக்கொண்டு மாற்றித் தந்தார்கள். அந்தப் பாதியும் நான் கட்டியிருக்க வேண்டியதில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஐந்தாவது வாரத்தில் எனக்கு போன் வேண்டியிருந்தது.

அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். வாங்கிய விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. போனைச் சென்னையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் பெங்களூரிலேயே மனு போடச் சட்டம் இடம் தருகிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதுவரை பழுதான போனை வெளிக்கடையில் கொடுத்துத் திறந்துவிடாதீர்கள், பழைய பாகத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

பழுது பார்த்துத் திரும்ப வாங்கும்போது புதுத் திரைக்கு எத்தனை நாள் வாரண்டி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் முதலில் அது இல்லை. கேட்ட பிறகு 90 நாள் என்று எழுதி முத்திரை வைத்துத் தந்தார்கள்.